நின்று போகப் பிறந்த ஊர்

உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் பந்தயங்கள் தங்கிச் செல்லும் கேப் டவுன் பற்றி வாசகர்கள் கேட்டவையும், நம் பதில்களும்.

பந்தயம் என்றால் வேகமாகப் போக வேண்டும். நடுவில் கேப் டவுனில் நின்று இரண்டு வாரம் என்ன செய்கிறார்கள்? — தூத்துக்குடி

வேகமாகப் போவதற்காகத்தான் நிற்கிறார்கள். கேப் டவுனை விட்டால் அடுத்தது தென்பெருங்கடல். அங்கே பாய் கிழிந்தால் தையல்காரர் இல்லை, மரம் முறிந்தால் ஆசாரி இல்லை, ஒதுங்குவதற்குக் கரையும் இல்லை. 1973இல் ‘விட்பிரெட்’ என்ற பெயரில் தொடங்கி இன்று ‘ஓஷன் ரேஸ்’ என்று ஓடும் இந்தப் பந்தயம், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தை விட்டு முதன்முதலாக இளைப்பாறியது இங்கேதான். 2023 வரை நடந்த 14 பந்தயங்களில் 12 இங்கே நின்று போயின.

மீதி இரண்டும் என்ன பாவம் செய்தன? — தேனி

பாவம் செய்தது பந்தயம் அல்ல, அன்றைய தென்னாப்பிரிக்க அரசு. நிறவெறி ஆட்சியை உலகம் தள்ளிவைத்திருந்த காலம் அது. 1989, 1993 பந்தயங்களின் படகுகள் உருகுவேயின் புந்தா தெல் எஸ்தேவுக்குப் போயின. மண்டேலா குடியரசுத் தலைவரானது 1994இல். 1997இல் பாய்கள் மறுபடி மேசை மலைப் பக்கம் திரும்பின.

முதல் பந்தயத்தில் வென்றது இங்கிலாந்துதானே? — புரசைவாக்கம்

இங்கிலாந்தும் அப்படித்தான் நினைத்திருந்தது. வென்றவர் ராமோன் கார்லின், மெக்சிகோக்காரர். வாஷிங் மெஷின் தொழிலில் சம்பாதித்தவர். கடற்படை வீரர்களும் தேர்ந்த மாலுமிகளும் நிறைந்த கூட்டத்தில் இவர் குடும்பத்தோடு ‘சாயுலா 2’ என்ற படகில் வந்து கோப்பையைத் தூக்கிப் போனார்.

ஸ்பெயினிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வர, படகுகள் பிரேசில் பக்கம் போவதாகப் படித்தேன். அச்சுப் பிழையா? — கும்பகோணம்

அச்சு சரி. நேர்கோடுதான் பிழை. தெற்கு அட்லாண்டிக்கின் நடுவில் செயின்ட் ஹெலினா தீவின் பெயரில் ஓர் உயரழுத்த மண்டலம் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் காற்று செத்துக் கிடக்கும். குறுக்கே போனால் பாய் துவண்டு படகு அங்கேயே நிற்கும். அதனால் மேற்கே பிரேசில் பக்கம் ஒதுங்கி, மண்டலத்தின் விளிம்பைச் சுற்றித் தெற்கே இறங்கி, மேலைக் காற்றைப் பிடித்துக் கிழக்கே பாய்கிறார்கள். வாஸ்கோ ட காமாவும் 1497இல் இப்படி மேற்கே வளைந்துதான் வந்தார். செயற்கைக்கோள் வந்தபின்னும் பாதை மாறவில்லை, ஏனென்றால் காற்று மாறவில்லை.

கரை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வெற்றி உறுதிதானே? — மயிலாடுதுறை

கேப் டவுனில் அப்படி நம்பியவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் பின்னால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மேசை மலை, தென்கிழக்குக் காற்றை மறைத்துவிடும். வெளிக்கடலில் பறந்து வந்த படகு மலையடியில் அசையாமல் நிற்கும். தேர் நிலைக்கு வரும் நேரத்தில் வடம் அறுந்த கதை. பின்னால் வருபவர் மட்டும் காற்றோடு நெருங்கிக்கொண்டே இருப்பார். 2014இல் ஆறாயிரம் கடல் மைலுக்கு மேல் 25 நாள் ஓடிய பிறகு, அபுதாபி படகு சீனாவின் டோங்ஃபெங்கை முந்தியது வெறும் 12 நிமிடத்தில். அந்த 12 நிமிடமும் இரண்டு படகுக்காரர்களுக்கும் எப்படிப் போயிருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

‘கேப் டாக்டர்’ என்கிறார்களே, கன்சல்டேஷன் எவ்வளவு? — ஈரோடு

இலவசம். ஆனால் தொப்பி போய்விடும். கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்றுக்குத்தான் அந்தப் பட்டம். ஊரின் புழுதியையும் துர்நாற்றத்தையும் அடித்துக்கொண்டு போய்விடுவதால் டாக்டர் ஆனது. இதே காற்று மறுபக்கத்து வளைகுடாவின் ஈரத்தை மலைமேல் ஏற்றும்போது, அது குளிர்ந்து மேகமாகி, தட்டையான உச்சியில் படர்ந்து விளிம்பில் வழிந்து, கீழே இறங்கும் வழியிலேயே மறைகிறது. ‘மேசை விரிப்பு’ என்று அதற்குப் பெயர். வான் ஹங்க்ஸ் என்ற கிழவர் சாத்தானோடு புகைபிடிக்கும் போட்டி நடத்துகிறார், அந்தப் புகைதான் அது என்பது உள்ளூர்க் கதை. டாக்டர் பெயரில் வீசும் காற்றுக்கு இப்படியொரு புகைக் கதை!

வந்திறங்கிய வீரர்கள் முதலில் எங்கே போவார்கள்? — நாமக்கல்

சாப்பாட்டுக்கு. கடலில் அவர்கள் தின்பது உறைய வைத்து உலர்த்திய பொட்டலம். வெந்நீர் ஊற்றினால் கோழி, பாஸ்தா என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதை நம்பித்தான் விழுங்க வேண்டும். எடை குறைந்து, கை காய்த்து வந்து இறங்குகிறார்கள். அவர்கள் உண்டு உறங்கும்போது கரையிலுள்ள குழு படகை முனை முதல் சுக்கான் வரை தட்டிப் பார்க்கும். இந்த இரண்டு வாரத்தில் உண்மையாக வியர்ப்பது பெயர் வெளியில் தெரியாத அந்தக் கரைக் குழுதான்.

இவ்வளவு விலையுள்ள படகில் கழிப்பறை எப்படி இருக்கும்? — பெயர் வேண்டாம், பல்லாவரம்

வாளி. பெயர் போடாததற்கு நன்றி.

படகில் ஒரு பத்திரிகையாளரும் போவாராமே? அந்த வேலைக்கு என்ன தகுதி? — கோடம்பாக்கம்

கையைக் கட்டிக்கொண்டிருக்கும் தகுதி. 2023 பந்தயத்தில் படகுக்கு நான்கு மாலுமிகள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஐந்தாவது ஆள் படம்பிடிப்பவர். அவர் சமைக்கலாம், துடைக்கலாம். படகை ஓட்டுவதில் விரல்கூட வைக்கக் கூடாது. புயலில் நாலு பேரும் கயிற்றோடு மல்லுக்கு நிற்கையில் கேமராவை மட்டும் பிடித்திருப்பது எவ்வளவு கடினம் என்பது, கல்யாண வீட்டு வீடியோகிராபர்களுக்குப் புரியும்.

கேப் டவுன் எப்போது துறைமுகம் ஆனது? — காரைக்கால்

ஊராவதற்கு முன்பே கப்பல்கள் அங்கே நின்றன. கோய்கோய் மக்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கரை அது. மலையிலிருந்து நன்னீர் இறங்கிவந்ததால் ஐரோப்பியக் கப்பல்கள் நங்கூரம் போட்டன. கடிதங்களைச் செதுக்கிய கற்களுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். எதிர்த்திசையில் வரும் கப்பல் அவற்றை எடுத்துப்போகும். அந்தக் கற்கள் சிலவற்றை இன்றும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

1652 ஏப்ரலில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஆளான யான் வான் ரீபெக் வந்து இறங்கினார். நகரம் கட்டச் சொல்லி அவரை அனுப்பவில்லை, காய்கறி போடச் சொல்லி அனுப்பினார்கள். பல மாதம் பச்சைக் காய் காணாத மாலுமிகள் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீரையும் எலுமிச்சையும் இறைச்சியும் கொடுத்து அனுப்ப ஒரு நிறுத்தம் வேண்டியிருந்தது. அந்தத் தோட்டம் இன்றும் நகர நடுவில் ‘கம்பெனித் தோட்டம்’ என்ற பெயரில் பூங்காவாக இருக்கிறது. பந்தயப் படகு நிற்பதற்காக இந்த ஊர் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. நிற்பதற்காகவே பிறந்த ஊர் இது.

மதியம் 12 மணிக்குப் பீரங்கி வெடிக்கிறதாமே. யாரோடு சண்டை? — வேலூர்

கடிகாரத்தோடு. 1806 முதல் வெடிக்கிறது, ஞாயிறு விடுமுறை. அந்தக் காலத்தில் நடுக்கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கத் துல்லியமான கடிகாரம் வேண்டும். சில விநாடி பிசகினாலும் கப்பல் மைல் கணக்கில் தவறிப்போகும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்ய இந்தப் பீரங்கி உதவியது. இப்போது சுற்றுலாப் பயணிகளைத் துள்ளவைக்க உதவுகிறது. உள்ளூர்க்காரரை அடையாளம் காண எளிய வழி: வெடிச்சத்தத்துக்குத் துள்ளாதவர் அவர்தான்.

பலவகை மக்கள் வாழும் ஊர் என்கிறார்கள். அத்தனை பேரும் எப்படி வந்தார்கள்? — திருவாரூர்

பலர் கப்பலில்தான். ஆனால் எல்லோரும் டிக்கெட் வாங்கி வரவில்லை. 1652 தொடங்கி 1808 வரை ஏறத்தாழ 63,000 பேர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர் ராபர்ட் ஷெல்லின் கணக்கு. அவர்களில் கால்வாசிப் பேர் இந்தியத் துணைக்கண்டத்தினர். மற்றவர்கள் கிழக்காப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகளைச் சேர்ந்தவர்கள். 1679இல் கட்டிய அடிமைகள் விடுதி கம்பெனித் தோட்டத்தின் வாசலிலேயே நிற்கிறது, இப்போது அருங்காட்சியகமாக. நின்று போவதற்கான ஊரில், போக அனுமதி இல்லாதவர்கள்தான் ஊரைக் கட்டினார்கள்.

அவர்களில் தமிழர்கள் உண்டா? — நாகப்பட்டினம்

உங்கள் ஊரில் நின்று கேட்க வேண்டிய கேள்விதான். பழவேற்காடும் நாகப்பட்டினமும் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்த ஊர்கள். அந்தக் கரையிலிருந்து கேப்புக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆவணங்களில் வேற்றுப் பெயரோடும், பின்னொட்டாகக் ‘கரை’யைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடும் பதிவாகியிருக்கிறார்கள். சொந்தப் பெயர் போய்விட்டது, ஊர்ப்பக்கம் மட்டும் மிஞ்சியது. அதனால் யார் தமிழர், யார் தெலுங்கர் என்று இன்று பிரிக்க வழியில்லை.

ஒரு தடயம் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் மிகப் பழைய மசூதியான அவ்வல் மசூதி, 1794ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. அது நிற்கும் நிலம், இலங்கையிலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்ற கொரிடோன் என்பவரின் குடும்பத்துடையது. மசூதிக்கு அதைத் தந்தவர் அவர் மகள் சார்ச்சி.

போ-காப் பகுதியின் வண்ண வீடுகள் முன்னால் போட்டோ எடுக்கலாமா? — கோயம்புத்தூர்

எடுக்கலாம். வீட்டுப் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்து எடுக்காதீர்கள், உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கேமராவை இறக்கிவிட்டுக் கொஞ்சம் வரலாற்றையும் பார்க்கலாம். இந்தப் பகுதியில்தான் அவ்வல் மசூதி இருக்கிறது. அதன் முதல் இமாம் துவான் குரு, இந்தோனேசியாவின் திடோரே தீவைச் சேர்ந்தவர். டச்சுக்காரர்கள் 1780இல் ராபன் தீவில் அவரை அடைத்தார்கள். அங்கே நினைவிலிருந்தே முழுக் குர்ஆனையும் எழுதினார். இந்தத் தெருக்களின் மதரஸாக்களில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதிப் படித்தார்கள். வெள்ளையர் மொழி என்று பெயர்பெற்ற ஒன்று, தொடக்க காலத்தில் அடிமைகளின் பிள்ளைகளுடைய சிலேட்டிலும் வளர்ந்தது.

சாப்பாடு? (கேள்வி இவ்வளவுதான்) — மதுரை

மதுரைக்காரருக்குக் கேள்வி போதும். போபோட்டி: கொத்துக்கறியில் மசாலாவும் உலர்திராட்சையும் சேர்த்து மேலே முட்டைக் கலவை ஊற்றிச் சுட்டது. கேட்ஸ்பி: முழங்கை நீள ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வறுவலும் மசாலா இறைச்சியும் திணித்தது, நாலு பேர் பங்கு போட வேண்டும். ஸ்நூக்: முள்ளோடு மல்லுக்கட்டத் தெரிந்தவர்களுக்கான மீன், நெருப்பில் வாட்டித் தருவார்கள். ஞாயிறு காலை, கேப் மலாய் எனப்படும் முஸ்லிம்களின் வீடுகளில் கூசிஸ்டர் வாங்குங்கள். ஏலமும் பட்டையும் போட்டுப் பொரித்து, பாகில் முக்கி, தேங்காய்த்துருவலில் புரட்டிய உருண்டை.

நான் சுத்த சைவம். பட்டினியா? — மயிலாப்பூர்

இல்லை. சமோசா, ரொட்டி, அச்சார், கடலைமாவில் கீரையும் மிளகாயும் போட்டுப் பொரித்த தால்ச்சி. கடைசியாகச் சொன்னதைக் கடித்ததும் “இது நம்ம பக்கோடாவாச்சே” என்பீர்கள். ரசீது கேட்டு உரிமை கொண்டாட வேண்டாம். கடல் தாண்டியவர்கள் கையில் எதையும் எடுத்துப்போக முடியவில்லை, கைப்பக்குவத்தை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை.

இவ்வளவு கலந்து வாழ்ந்தவர்களைப் பிரிக்க முடிந்ததா? — சிவகாசி

புல்டோசர் இருந்தால் முடியும். துறைமுகத்துக்கு அருகிலிருந்த ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியில் கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர், யூதர் எல்லோரும் ஒரே தெருவில் இருந்தார்கள். 1966 பிப்ரவரி 11 அன்று அது வெள்ளையர் பகுதி என்று அரசு அறிவித்தது. அறுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டு, காற்றடிக்கும் மணல்வெளிக்கு அனுப்பப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. வழிபாட்டு இடங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அப்படித் தப்பிய ஒரு தேவாலயத்தில் 1994இல் அருங்காட்சியகம் திறந்தது. தரையில் விரித்த பெரிய வரைபடத்தில் பழைய குடியிருப்பாளர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதியிருக்கிறார்கள். படகு பார்க்கப் போனவர்கள் இதைப் பார்க்காமல் திரும்பினால், வாசல் கோலத்தை மட்டும் பார்த்து வந்ததாகத்தான் அர்த்தம்.

காந்திஜி கேப் டவுனுக்குப் போயிருக்கிறாரா? — காந்திகிராமம்

கடைசியாகத் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டதே அங்கிருந்துதான். 1914 ஜூலை 18, கஸ்தூரிபாவோடு லண்டனுக்குக் கப்பலேறினார். 1893இல் ஒரு வருட வேலைக்கென்று போனவர் 21 வருடம் கழித்துக் கிளம்பினார். ஸ்டாப்ஓவர் நீண்டால் சாம்ராஜ்யங்களுக்கு ஆபத்து.

இரண்டு சமுத்திரம் கூடும் இடத்தை கேப் டவுனில் பார்க்கலாமா? — கன்னியாகுமரி

உங்களிடம் இதை விளக்குவது கொஞ்சம் தைரியமான காரியம். கேப் பாயிண்டில் நின்று “இதோ இந்தியப் பெருங்கடல், அதோ அட்லாண்டிக்” என்று கைகாட்டுவார்கள். தலையாட்டிவிட்டு வாருங்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையும் இரு கடல்களின் அதிகாரபூர்வ எல்லையும் தென்கிழக்கே தள்ளி இருக்கும் கேப் அகுல்யாஸ். ஆனால் மாலுமிகளுக்குக் கோட்டைவிட நீரோட்டம்தான் முக்கியம். வெதுவெதுப்பான அகுல்யாஸ் நீரோட்டம் வேகமாகத் தென்மேற்கே பாய்கிறது. எதிரே தென்மேற்குப் புயல் வந்தால் அலை குறுகி, செங்குத்தாகிச் சுவராக எழும்.

அந்தக் கடலில் குளிக்கலாமா? கோடைதானே? — சேலம்

குளிக்கலாம், குளிர்வீர்கள். டாக்டர் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுவதால் ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்துவிடும். நடுக்கோடையிலும் 10 முதல் 15 டிகிரிதான். கடல்நாய்களுக்கு அது சுகம். துறைமுக மேடையில் படுத்துக்கொண்டு, நீந்த வரும் மனிதர்களை வேடிக்கை பார்க்கும். இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டுமானால் மறுபக்கத்து மூய்சன்பெர்க் போங்கள்.

தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்த ஊர் மூடப்போவதாகச் சொன்னார்களே? — சென்னை

சென்னை கேட்கும்போது அதில் பாசம் தெரிகிறது. 2017 நவம்பரில் படகுகள் வந்து நின்றபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 87 லிட்டர் என்று கட்டுப்பாடு. 2018 பிப்ரவரியில் அது 50 லிட்டர் ஆனது. குழாய்கள் அடைபடும் ‘ஜீரோ நாள்’ கடைசிவரை வரவில்லை. மக்கள் குளியல் தண்ணீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள், பிறகு மழையும் வந்தது. நன்னீர் பிடிக்கவென்றே கப்பல்கள் நின்ற ஊருக்கு நேர்ந்தது அது.

2023இல் வேறு பிரச்சினை. மின்வெட்டுக்காகக் குடியரசுத் தலைவர் ராமபோசா தேசியப் பேரிடர் நிலை அறிவித்தது பிப்ரவரி 9, முதல் படகு வந்தது 12. காற்றில் ஓடும் படகுகள் என்பதால் தப்பித்தார்கள்.

மின்சாரம் இருந்தால்? நம் சார்ஜர் பொருந்துமா? — திருப்பூர்

நம் வீட்டு ஏசிக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக் அங்கே சர்வசாதாரணம். சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும், ஏசியைத் தூக்கிப்போனால் வேண்டாம்.

பாதுகாப்பு எப்படி? — விழுப்புரம்

பகலில் துறைமுக வணிக வளாகம் நிம்மதி. இருட்டியபின் தெரியாத தெருவில் நடக்காதீர்கள், மலைப்பாதையில் தனியாக ஏறாதீர்கள், போனைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். பணக்கார மரினாவும் காயெலிட்சாவின் தகரக் குடிசைகளும் ஒரே மாநகராட்சிக்குள் இருக்கும்போது பூட்டுக்கு வேலை அதிகம்.

அப்படியானால் இது பணக்காரர்கள் விளையாட்டுத்தானே? ஆப்பிரிக்கர்களுக்கு இதில் என்ன? — திண்டுக்கல்

நியாயமான குத்து. ஒரு படகுக்குக் கோடிக்கணக்கில் ஆகும். பெரும்பாலான படகுகளில் பறப்பது ஐரோப்பியக் கொடி. ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. 2007 அமெரிக்காஸ் கோப்பையில் ‘ஷோஷலோசா’ என்ற தென்னாப்பிரிக்க அணி இறங்கியது, ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முதல் அணி. 2023 ஏப்ரலில், தனியாக நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தைத் தென்னாப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நோய்ஷேஃபர் வென்றார். அத்தகைய பந்தயத்தில் வென்ற முதல் பெண். இரண்டாவதாக வந்தவர் நம் அபிலாஷ் டோமி.

நம்மவர்கள் யாராவது பாய்மரப் படகில் கேப் டவுன் போனதுண்டா? — புதுச்சேரி

உங்கள் ஊர்ப் பெண்ணே போனார்! இந்தியக் கடற்படையின் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும், இருவர் மட்டும், ‘தாரிணி’ படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கேப் ஹார்ன் சுற்றி, 2025 மார்ச் இறுதியில் கேப் டவுன் வந்தார்கள். அதுதான் அவர்களுடைய கடைசி நிறுத்தம். மே மாதம் கோவா திரும்பினார்கள். பந்தயம் இல்லை, ஆனால் கடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பந்தயம் இந்தியாவுக்கு வந்ததே இல்லையா? — கொச்சியில் வாழும் தமிழர்

உங்கள் வீட்டு வாசலுக்கே வந்ததே! 2008 நவம்பரில் கேப் டவுனை விட்ட படகுகள் அடுத்து வந்து நின்றது கொச்சியில்தான். அந்தக் கட்டத்தில் முதலில் வந்தது எரிக்சன் 4. இந்தியாவில் பந்தயம் நின்றது அதுவே முதல்முறை.

ஜி.பி.எஸ். காலத்தில் பாறையில் மோதுவார்களா? — ராமேஸ்வரம்

2014 நவம்பரில் மோதினார்கள். கேப் டவுனிலிருந்து அபுதாபி போகும் வழியில், மொரீஷியசுக்கு வடகிழக்கே உள்ள பவளத்திட்டில் ‘வெஸ்டாஸ்’ படகு ஏறி நின்றது. திட்டு மின்வரைபடத்தில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும், பார்க்கவில்லை. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். படகைத் திரும்பக் கட்டி, கடைசிக் கட்டங்களுக்கு லிஸ்பனில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

படகு வரும் நாளில் போகலாமா, புறப்படும் நாளில் போகலாமா? — திருநெல்வேலி

வரும் நாளை மலை முடிவு செய்யும், அது அதிகாலை 3 மணியாகவும் இருக்கலாம். புறப்படும் நேரம் முன்கூட்டியே தெரியும். 2023 பிப்ரவரி 26 அன்று இங்கிருந்து பிரேசிலின் இதஜாயி வரை 12,750 கடல் மைல் கிளம்பினார்கள். பந்தய வரலாற்றிலேயே நீளமான கட்டம். ‘மலிசியா’ படகின் பாய்மர உச்சியில் விரிசல் விட்டது. நடுக்கடலில் 28 மீட்டர் மரத்தில் ஏறி ஒட்டிவிட்டு ஓட்டினார்கள். ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து முதலாவதாக வந்ததும் அந்தப் படகுதான். அதற்கு முன் வழியனுப்பக் கரையில் நிற்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது.

இரண்டு வாரம் தங்கிவிட்டு அந்த ஊரைத் தெரியும் என்று சொல்லலாமா? — தஞ்சாவூர்

தாராளமாக. கேட்பவர் அந்த ஊர்க்காரராக இல்லாதவரை.